நாலாவது பீஸ்

செவ்வாய், இரவு.

இண்டைக்குச் சுகந்தியை வவுனியாவுக்கு ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். மார்பிலை வந்த புற்றுநோய் வேறை இடத்துக்கும் பரவியிருக்கோ எண்டு பாக்க. தோடு, தாலிக்கொடி எல்லாம் கழட்டி என்ரை கையிலை தந்தாள். கொடியைக் கழட்டேக்குள்ளை என்ரை முகத்தைப் பாக்கேல்லை.

ஸ்கான் எடுக்கிற பிள்ளை, "அம்மாவுக்கு உடம்பிலை பீஸ் ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டா. சண்டைக்காலத்திலை எறிகணை வெடிச்சு உடம்பிலை ஏறின செல் துண்டைத்தான். எங்கடை பக்கத்து ஆக்களிட்டைக் கட்டாயம் கேக்கிறது.

"ரெண்டு" எண்டு நான் சொன்னன். தோளிலை ஒண்டு, இடுப்பிலை ஒண்டு. என்ரை கைக்குத் தெரிஞ்ச இடங்கள்.

"மூண்டு" எண்டாள் சுகந்தி. "நெஞ்சுக்குள்ளையும் ஒண்டு. எடுக்கேலாதெண்டு அப்பவே சொன்னவை."

கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசம். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

"வடிவாச் சொல்லுங்கோ அம்மா. படத்திலை ரெண்டும் புள்ளியாத்தான் தெரியும்; பீஸ் எது, நோய் எது எண்டு டொக்டருக்குக் குழம்பக்கூடாது" எண்டா அந்தப் பிள்ளை.

திரும்பி வரேக்குள்ளை பஸ்ஸிலை எனக்குக் கோவம். மாங்குளம் தாண்டித்தான் ஏன் மறைச்சனீர் எண்டு கேட்டன்.

"சொன்னா என்னை வயலிலை இறங்க விட்டிருப்பியளே?"

விட்டிருக்க மாட்டன்தான்.

முறிகண்டியிலை பஸ் நிண்டது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டு வந்து, கொடியை அவளின்ரை கழுத்திலை போட்டுக் கொழுவிவிட்டன். மூண்டுக்கு மேலை புள்ளி தெரிஞ்சா எண்டு உடைக்கேக்குள்ளை நினைச்சதை அப்பதான் கேட்டன்.

"இஞ்சரும், நல்லா யோசிச்சுப் பாரும். நாலாவதா ஒண்டும் இல்லையோ?"

கொடியை எடுத்துச் சட்டைக்குள்ளை விட்டாள்.

"இருந்தா நல்லம், என்னப்பா."