வண்டிக்குப் புது இன்ஜின் போட்டாச்சு, அண்ணா

என் ஆசை அண்ணனுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் பிக்கப் வண்டி மறுபடி ஓடுகிறது. நேற்று நாற்காலிகளும் பந்தல் சாமானும் ஏற்றிக்கொண்டு ஏனாத்தூர்க் கல்யாணத்துக்குப் போனேன். எல்லாம் இறக்கிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ போன பிறகு வாடகைச் சாமான் தொழிலை அண்ணியும் நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். ஆர்டர் பிடிப்பது அண்ணி. வண்டி ஓட்டுவது நான்.

போன மாதம் திருமுக்கூடல் பக்கம் ஒரு கல்யாணம். அண்டா, அடுப்பு, ஜெனரேட்டர் என்று நல்ல பாரம். விடிந்ததும் கிளம்பினோம். பாலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கியது. பிறகு இன்ஜினுக்குள் எதையோ உடைத்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

சமையல்காரர் போன் மேல் போன் போட்டார். "அண்டா இல்லாம நான் எதுலமா சோறு வடிப்பேன்? ஊரே வந்துக்கினு இருக்குது!" அண்ணி ரோட்டில் இறங்கி, காலியாக வந்த ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தினார். அந்த டிரைவர் நல்ல மனுஷன். அவரும் கூட நின்று சாமானை மாற்றி ஏற்றினார். பந்தி அரை மணி நேரம் தாமதம். நல்லவேளை, யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளவில்லை.

வண்டியை இழுத்துக்கொண்டுபோய் ரஷீத் பாய் பட்டறையில் விட்டோம். நீ வழக்கமாக வேலைக்கு விடுவாயே, அதே இடம்தான். பாய் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பிஸ்டன் புடிச்சிக்கிச்சிமா. பிளாக்கும் விரிசல் உட்டிருக்குது. இத்த ரெடி பண்ணாலும் நம்பி லோடு ஏத்த முடியாது. வேற இன்ஜின்தான்."

நான் யோசிக்கவே இல்லை. "அண்ணன் கேட்டாரே, அந்தப் பெரிய ஜீப் இன்ஜின், அதையே போட்டுடுங்க பாய்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும்தானே? அந்த இன்ஜினைப் பார்த்துவிட்டு வந்த அன்று உன் முகமே வேறு மாதிரி இருந்தது. "மல்லி, அது போட்டா வண்டி பறக்கும்" என்றாய். வேலையாட்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். "குடும்பத்தைப் பாக்கத் துப்பில்ல, ரேஸ் ஓட்டப் போறியா?" என்று கேட்டுவிட்டேன். நீ பந்தல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே உள்ளே போனாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. கொஞ்ச மாதத்தில் நெஞ்சுவலி வந்து நீயே போய்விட்டாய்.

ஒருவனின் ஆசையை நாக்கால் கொன்றவள் நான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் அது குத்தும். அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை.

ரஷீத் பாய் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "அந்த இன்ஜின வேணாம்னதே உங்க அண்ணன்தானேமா. உனக்குத் தெரியாதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் சொன்னார். அடுத்த வாரமே நீ தனியாகப் பட்டறைக்கு வந்தாயாம். வண்டிக்கு அடியில் படுத்து, சேஸியையும் பிரேக்கையும் ரொம்ப நேரம் பார்த்தாயாம். எழுந்து வந்து, "அவ்ளோ வேகத்த இந்த பிரேக்கு தாங்காது பாய். என் தங்கச்சி இப்பதான் வண்டி கத்துக்கினு இருக்குது. நாளைக்கி அது ஓட்டும்" என்றாயாம். போகும்போது, "மல்லி கத்தனது நல்லதாப் போச்சு. இல்லன்னா அந்த இன்ஜின மாட்டியிருப்பேன்" என்று சிரித்தாயாம்.

பட்டறை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன் அண்ணா. அண்ணி பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதையா இத்தன நாளா மனசுல வெச்சிக்கினு இருந்த? அந்த மனுஷன் ரெண்டு நாள்ல மறந்துட்டிருப்பாரு" என்றார். சிரித்தேவிட்டார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

பாயிடம் சிரித்துக்கொண்டு சொன்னதை என்னிடமும் ஒரு வார்த்தை நீயே சொல்லியிருக்கக் கூடாதா?

பிறகு பாய் நிதானமாகக் கேட்டார். "உனக்கு வேகம் வேணுமா, இழுவ வேணுமா?" இழுவைதான் என்றேன். நம் வண்டிக் கம்பெனியே பிறகு வந்த மாடலில் வைத்த டர்போ இன்ஜினைக் காட்டினார். அளவு ஒன்றுதான், பலம் அதிகம். பழைய இன்ஜினைத் தாங்கிய ஃபவுண்டேஷனிலேயே உட்காரும். "ஆனா ரேடியேட்டர், கிளட்ச், பிரேக்கு மூணும் மாத்தணும். அது இல்லாம நான் கை வெக்க மாட்டேன்" என்றார். சரியென்றேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, வேலை முடிந்ததும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பர் ஏறிவிட்டது.

ஓட்டிப் பார்த்தால் எவ்வளவு சுகம்! முழு பாரத்தோடு மேட்டில் கியர் குறைக்காமல் ஏறுகிறது. பிரேக்கில் கால் வைத்தால் சொன்ன இடத்தில் நிற்கிறது. உனக்குப் பிடித்திருக்கும்.

இன்னொரு சேதி. அண்ணி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலியான ரோட்டில் நான்தான் பக்கத்தில் உட்கார்கிறேன். கிளட்சை வெடுக்கென்று விடுகிறார், வண்டி குதித்து நிற்கிறது. எனக்குக் கோபம் மூக்கு நுனிவரை வருகிறது.

ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கத்த மாட்டேன் என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய். கத்தினாலும், வண்டியை விட்டு இறங்குவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிடுவேன்.

உன் வாயாடித் தங்கச்சி,
மல்லிகா