முதல் முடிச்சுக்கு விட்ட இடம்

ஐப்பசி 10, திங்கள். மழை மூட்டம்.

தம்பி முருகா, எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா? அங்கே வாடைக்காற்று எப்படி? போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. கரைக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்பாய். எனக்கோ ஒன்று சொல்லப்போனால் ஒன்பது நினைவுக்கு வரும். அதனால் அக்கா எழுதி வைக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் வரும், சிரிக்காதே.

உன் பெண்டாட்டி செல்விக்குப் பித்தப்பையில் கல். நீ போட்டில் ஏறிய மறுநாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சின்ன ஓட்டை போட்டு எடுத்துவிடலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். இன்று காலை ஆபரேஷன்.

நடக்கவில்லை.

ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. பச்சை அங்கி மாட்டி, தள்ளுவண்டியில் தியேட்டர் வாசல் வரை போயாயிற்று. அங்கே சிஸ்டர் அங்கியை விலக்கிப் பார்த்தாள். கழுத்தில் தாலி.

"நேத்தே கழட்டச் சொன்னேனே? உள்ள கரண்டு வெச்சு அறுப்பாங்கம்மா. தங்கம் இருந்தா சுட்டுடும்."

"அவுரு கடல்ல கீறாரு சிஸ்டர். கரைக்கு வராம கயட்ட மாட்டேன்."

"அப்ப அவரு வர்ற வரைக்கும் தியேட்டரப் பூட்டி வைக்கட்டுமா?"

வண்டி தள்ளுகிறவர் என்னைப் பார்த்தார். "யம்மா, நீயாவது சொல்லு. உள்ள டாக்டருங்க கையக் கழுவிக்கினு நிக்கிறாங்க."

நான் எப்படிச் சொல்வேன்? நம் குப்பத்தில் ஆள் கடலில் இருக்கும்போது யார் கழற்றியிருக்கிறார்கள்? எனக்கும் பயம்தான். இவள் அழ, சிஸ்டர் கத்த, உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்க்க, அதற்குள் கம்பெனி மெஷினில் கை மாட்டிய ஆளை ரத்தத்தோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவன் உள்ளே போனான். சாயங்காலம் வரை கதவு திறக்கவில்லை. இவளுக்கு அடுத்து இருந்தவருக்கும் இன்று இல்லை என்றுவிட்டார்கள்.

அவர் பக்கத்துக் கட்டில். ஆபரேஷன் ஆட்களை ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒரே வார்டில் போட்டிருக்கிறார்கள். சேவியர் என்று பெயர். ராயபுரம். ஹார்பரில் இருந்து ரிட்டையர் ஆனவர். சர்க்கரை, கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. விரலை எடுத்தால் போதும் என்றார்களாம். மகள் ஸ்டெல்லா கூட இருக்கிறாள்.

ஸ்டெல்லா வார்டுக்கே கேட்கிற மாதிரி: "ஒரு கவுத்துக்கு இவ்ளோ பேஜாரா? எங்கப்பா காலு இன்னா இவுங்க போட்டுல புட்ச்ச மீனா, ஐஸ்ல வெச்சுக்க?"

"உடு ஸ்டெல்லா," என்றார் பெரியவர். "ஹார்பர்ல எடம் கெடைக்காம கப்பலே நாள்கணக்கா வெளிய நிக்கும். நான் எம்மாத்திரம்."

வாங்கியவை: பன், பிளாஸ்க், சோப்பு. சோப்பை யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஐப்பசி 11, செவ்வாய். மழை.

இன்றும் இல்லை. கருவிகளை ஆவியில் வேகவைக்கிற மெஷின் ரிப்பேராம். மூட்டை கட்டி அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோய் வேகவைத்து எடுத்து வருகிறார்கள். பிரசவ கேஸ் மட்டும் எடுத்தார்கள். அதைக் கேட்டதும் நம் ஐஸ் கம்பெனி மெஷின் நின்ற அன்று ஏலத்துக்கு வந்த வஞ்சிரம் மொத்தமும் நாறிப்போனது நினைவு வந்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

செல்விக்கு உடம்பு சுடுகிறது. இனிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று முடிவு செய்தேன். கோபிக்காதே. மஞ்சள் கயிறும் கிழங்கும் வாங்கி வந்தேன். முதலில் புதுக்கயிற்றைக் கட்டினேன். ஒரு நொடி கூடக் கழுத்து வெறுமையாக விடவில்லை. அப்புறம்தான் பழையதை அவிழ்த்தேன். கல்யாணத்திலும் சரி, ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாற்றும்போதும் சரி, முதல் முடிச்சு நீ, மற்ற இரண்டும் நான். என் முடிச்சு இரண்டும் நகத்துக்கு இளகவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் உப்பு. அதன்பின் உன் முடிச்சு. அது தொட்டதும் அவிழ்ந்துவிட்டது. ஏன் அப்படி அவிழ்ந்தது என்று அப்போதிலிருந்து நெஞ்சில் உதைக்கிறது.

புதுக்கயிற்றில் இரண்டு முடிச்சுதான் போட்டிருக்கிறேன். முதல் முடிச்சுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

"அண்ணி, அவுரு வந்தா திட்டுவாரா?"

"வரட்டும் மொதல்ல," என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தங்கத்தைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருக்கிறேன். துணி ஈரமாகவே இருக்கிறது. வேர்வைதான்.

ஐப்பசி 12, புதன். விட்டு விட்டு மழை.

செல்வி இன்று லிஸ்டில் இரண்டாவது. திரும்பவும் பட்டினி. காய்ச்சலில் உதடு வெடித்துவிட்டது, துணியை நனைத்துத் தடவினேன். முதல் ஆபரேஷன் சேவியருக்கு. விரலோடு போகவில்லை. இரண்டு நாளில் கறுப்பு மேலே ஏறிவிட்டதாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஸ்டெல்லா குழாயடியில் நின்று அப்பாவின் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டையும் கழுவினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு மயக்க டாக்டரை வேறு அவசரத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இங்கே தியேட்டர் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், மயக்கம் கொடுக்க ஆள் இல்லை. அவர் வந்து சேர்வதற்குள் லிஸ்ட் முடிந்துவிட்டது. இவளைத் திருப்பி அனுப்பினார்கள். யாரைத் திட்டுவது? வண்டி தள்ளுகிறவர்தான் கிடைத்தார், அவரைத் திட்டினேன். கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உள்ள சீழ் வெச்சிருச்சும்மா. இனி ஓட்டை போட்டு முடியாது. கிழிச்சுத்தான் எடுக்கணும். ஒடம்பு தாங்கணும்." திங்களன்றே முடிந்திருந்தால் இந்நேரம் செல்வி இட்லி தின்றுகொண்டிருப்பாள்.

செல்வி கட்டில் கால்மாட்டையே பார்க்கிறாள். "அண்ணி, அவுரு நிக்கிறாரு பாரு. தொப்பலா நனஞ்சி கீறாரு. துண்டு குடு."

யாரும் இல்லை. ஆனால் தரையில் தண்ணீர். மேலே பார்த்தேன், கூரையில் ஈரம் தெரிந்தது. ஒழுகுகிறது. துடைத்தேன். திரும்பவும் தண்ணீர்.

உன் போட்டு முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "வயர்லெஸ்ல சத்தம் இல்லக்கா. மழைல அப்டித்தான். வந்துகினு இருப்பாங்க."

ஐப்பசி 13, வியாழன். வெயில்.

காலையில் செல்வி உள்ளே போய்விட்டாள். இந்தத் தடவை கதவு அவளை உள்ளே வைத்துச் சாத்தியது. போகும்போது கழுத்துக் கிழங்கைக் கையால் மூடிக்கொண்டாள். சிஸ்டர் பார்த்தாள், கதவைத் திறந்து பிடித்தாள்.

இருப்புக் கொள்ளாமல் வார்டுக்கு வந்தேன். ஸ்டெல்லா டீ வாங்கப் போயிருந்தாள். பெரியவர் கண்ணை மூடியபடியே கூப்பிட்டார். "யம்மா, கட்டவெரல் அரிக்குது. கொஞ்சம் சொறி."

எந்தக் கால் என்று பார்த்தேன். போர்வை தட்டையாகக் கிடந்த பக்கம்தான். விரல் இருந்திருக்கும் இடத்தில் போர்வையைச் சொறிந்தேன்.

"ஆங். அங்கதான்."

நிறுத்தினால் மறுபடி அரிக்கிறது என்றார். நிமிர்ந்தபோது ஸ்டெல்லா டீயோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ.

இப்போது தியேட்டர் வாசல் பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். உள்ளே போனவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. உன் போனும் இன்னும் எல்லைக்கு வெளியேதான். அவள் உள்ளே, நீ வெளியே எங்கேயோ, நடுவில் நான். இடுப்புத் துணியை எடுத்துப் பார்த்தேன். இத்தனை வெயிலிலும் ஈரம். முகர்ந்தேன். அது வேர்வை வாடை இல்லை. மேலே எழுத வேண்டாம்.

கேள் தம்பி, நீ வந்ததும் கடைக்குக் கூடப் போக வேண்டாம், தங்கத்தைக் கோக்க வேறு கயிறு நானே வாங்கி மஞ்சளில் நனைத்து வைக்கிறேன். உப்புக் கையோடு வந்தாலும் சரி, முதல் முடிச்சு நீ போடு. பழையது மாதிரி இல்லாமல் இறுக்கமாக. மற்ற இரண்டும் நான்

ஸ்டெல்லா ஓடி வருகிறாள். "யக்கா, செல்வியோட வந்தது யாருன்னு வார்டுல வந்து கேக்குறாங்க, எழுந்து வாக்கா, நானும் கூட வரேன்."