எனக்குப் பின்னால் வந்த இழுப்பு

மார்கழி, செவ்வாய்க்கிழமை இரவு.

இன்று என் வீட்டுக்காரரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். எஸ்டேட் ஃபாக்டரி ஸ்டோரில் தேயிலை சலிக்கும் அறையில் வேலை பார்த்தே தூசி தின்ற நெஞ்சு அவருக்கு. மருந்து இழுத்தால் மூச்சு வருகிறது. ஆனாலும் நாலு எட்டு வைத்தால் கால் துவண்டுவிடுகிறது. ஏன் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"மூச்சுக்காத்த தெம்பா மாத்துறது உடம்புச் செல்லுக்குள்ள இருக்கிற இழைமணிங்க, மைட்டோகாண்ட்ரியான்னு சொல்றது. தூசியும் புகையும் பட்டுப்பட்டு அதுங்களே பழுதாகுது. நெஞ்சுல மட்டுமில்ல, கால் சதையிலயும்தான்," என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறினோம். பனிமூட்டத்தில் பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை. நான் முன்னால் போனேன். அவருடைய இழுப்பு விசில் போல என் முதுகை ஒட்டியே வந்தது.

"கொஞ்சம் நில்லுங்க," என்று திரும்பினேன். யாரும் இல்லை.

வெகு கீழேயிருந்து அவர் குரல் வந்தது. "புள்ள, எங்க இருக்க? நான் கல்லுல உக்காந்துட்டேன்."

இழுப்பு மட்டும் பக்கத்திலேயே கேட்டது. பயத்தில் மூச்சை அடக்கினேன். சத்தம் நின்றது. மூச்சை விட்டேன். திரும்ப வந்தது. என் நெஞ்சுதான். இத்தனை வருஷம் விறகடுப்பை ஊதிய நெஞ்சு.

அவர் மெல்ல ஏறி வந்து, "ஏன் பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்றார்.

"குளிருதுங்க," என்றேன்.

இப்போது அவர் தூங்குகிறார். எஸ்டேட் லயத்தின் இந்த ஒற்றை அறைக் காம்பராவில் இரண்டு இழுப்பு மாறி மாறிக் கேட்கிறது. சில நேரம் எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.