பார்த்ததற்கே பேர் வைத்த மலை

என் கூட மலை பார்த்தவளே,

மேல் போர்ஷனில் குடியிருக்கும் டீச்சரம்மா எழுதித் தருகிறார். தலைப்பில் உன் பேர் போடணுமே, என்ன பேர்னு கேட்டார். அப்புறம் சொல்றேன்னுட்டேன்.

செங்கம் ரோட்டில் நம்ம இட்லிக் கடைக்கு வருவாளே, மலை ஏறுகிற நெட்டை வெள்ளைக்காரம்மா, போன வாரம் மறுபடி வந்தாள். உன்னைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தாள். நீ போய்விட்டாய் என்று கையை மேலே காட்டிப் புரியவைத்தேன். இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் போனில் ஒரு சிகரம் காட்டி, அரைகுறைத் தமிழில் அதன் கதை சொன்னது ஞாபகம் இருக்கா? உச்சியெல்லாம் பனி, மரம் மட்டை ஒன்றும் கிடையாது. அது இருக்கிற நாட்டுப் பக்கம் முதலில் போன எவனோ வெள்ளைக்காரன் பேர் அதற்கு. ஏறினானா என்று கேட்டேன். இல்லையாம், தூரத்திலிருந்து பார்த்தானாம்.

நீ சட்னிக் கரண்டியோடு வந்து நின்றாய். "பாத்ததுக்கேவா பேரு? அப்ப நம்ம மலைக்கு என் பேர வெக்கச் சொல்லுங்க. கண்ணாலமாகி வந்த நாள்லேர்ந்து நாந்தான பாத்துக்கினு இருக்கேன்."

கடையே சிரித்தது. வெச்சுட்டாப் போச்சு என்றேன். "மொதல்ல நீங்க ஒருவாட்டி சொல்லுங்க பாக்கலாம்" என்றாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காலமெல்லாம் 'இந்தா' என்றுதானே கூப்பிட்டேன். நீ மட்டும் என்ன, ரேஷன் கடையில் என் பேர் கேட்டால் கார்டை நீட்டிப் படித்துக்கொள்ளச் சொல்வாய்.

பழக்கத்தில் இப்பவும் காலையில் 'இந்தா' என்றுவிடுகிறேன். அது அடுப்படி வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிடுகிறது.

கிளம்பும்போது அந்தம்மா உன் பேரைக் கேட்டாள். இந்த முறை அந்தச் சிகரத்தில் ஏறப்போகிறாளாம், உச்சியில் நின்று உன் பேரைச் சொல்லுவாளாம். வாய் வரைக்கும் வந்தது. 'வீட்டுக்காரம்மா' என்றேன். அதுதான் பேர் என்று நினைத்து, இரண்டு தரம் சொல்லிப் பழகிக்கொண்டு போனாள்.

அந்தப் பனியில் நின்று அப்படிக் கூப்பிட்டால் உனக்கு எப்படித் தெரியும், உன்னைத்தான் என்று?

தீபத்தன்று நம்ம மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே அரோகரா போடும். அந்தச் சத்தத்துக்குள் நான் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காது. உனக்குக் கேட்டால் போதும்.

டீச்சரம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பச்சையம்மா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்