முருகேசனும் பந்துப் பையும்

ஆடி 6, செவ்வாய். போடி.

தேவாரம் கூடைப்பந்து அணியிலிருந்து மறுபடியும் போன். முருகேசனைக் கொடுத்தால் உயரமான ஆட்கள் இரண்டு பேரை எங்களுக்குத் தருவார்களாம். கமிட்டியில் எல்லோருக்கும் சம்மதம். பயிற்சியாளன் நான் ஒருவன்தான் இழுத்தடிக்கிறேன். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவன் ஆடினால் மற்ற நான்கு பேரும் பந்தை அவனிடம் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

யாராவது போய்ச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று, சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் அவனிடம் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "மாத்தி யாரத் தர்றாகண்ணே?" என்று கேட்டான். ஸ்டீபனும் இன்னொருவனும் என்றேன்.

"ஸ்டீபன் நல்லா எகிறுவான்ணே. எடது கைதான் வராது. நீங்க சொல்லிக் குடுத்தா வந்துரும். எனக்கு வரலயா?"

"ஏலே, நான் இன்னும் முடிவு பண்ணல."

"சரிண்ணே" என்றான். அவ்வளவுதான்.

பந்துப் பை எப்போதும் அவன் வீட்டில்தான் இருக்கும். காலையில் காற்று அடித்து அவனே எடுத்து வருவான். இன்று அதை என் வண்டியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். வீட்டில் திறந்து பார்த்தேன். ஆறு பந்திலும் காற்று நிறைந்திருக்கிறது. பம்பும் ஊசியும்கூட உள்ளே இருக்கின்றன.

நாளைக் காலை இதை நான்தான் மைதானத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். அவன் வீடு போகிற வழியில்தான் இருக்கிறது.