பெஞ்சில் இருந்த திட்டம்

பதினாறாம் நம்பர் மகளே,

இறுதியாட்டத்தில் இரண்டு கோல் பின்தங்கியபோது, "மாத்துத் திட்டமே இல்லாம கோச்சிங்குக்கு வந்துட்டீங்களா சார்?" என்று கிளப் செயலாளர் எல்லார் முன்னாலும் கேட்டான். அந்த நக்கலை நான் மறக்கப்போவதில்லை.

திட்டம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உன்னை இறக்கினால், "சொந்தப் பொண்ண இறக்கிட்டான்பா" என்பார்கள். பயந்தேன். தோற்றோம்.

நீ எதிர் கிளப்புக்குப் போய்விட்டாய். ஞாயிறன்று எங்களை எதிர்த்து ஆடுகிறாய். உன் இடது கால் ஆட்டத்தை முடக்கும் வழி எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வாரமாக அறைக்குள் நடந்தபடியே இருக்கிறேன்.

இன்று கடைசிப் பயிற்சி. அந்த வழியை மட்டும் என் அணிப் பெண்களுக்குச் சொல்லித்தராமல் வந்துவிட்டேன்.

செயலாளர் மறுபடி கேட்பான். கேட்கட்டும்.

அப்பா