சனிக்கிழமை எட்டே முக்கால்

மச்சி,

இன்று சனிக்கிழமை. காலை சரியாக எட்டே முக்காலுக்கு என் போன் டிங் என்றது. "எல்லா கவுண்டரும் ரெடி." நீ எழுதிவைத்த அதே வரி, நம் கடையின் புது சிஸ்டத்திலிருந்து! பாண்டி பஜாரில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தேன். பூக்காரம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். நெஞ்சு வலியை அசிடிட்டி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்தானே நீ?

ஜவுளிக்கடை மாடியில் நாம் இரண்டே பேர்தான் கம்ப்யூட்டர் செக்‌ஷன். மற்ற நாட்களில் பில் கவுண்டர்கள் ஒன்பதேகாலுக்குத் தானாகத் திறக்கும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கே ராகுகாலம் தொடங்கிவிடுவதால், அதற்குள் முதல் பில் விழுந்துவிட வேண்டும் என்பது முதலாளி அண்ணாச்சியின் சட்டம். புதுச் சரக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பட்டியல் எட்டு மணிக்கு ஓடும், அது முடிந்ததும் கவுண்டர் திறக்கட்டும் என்று டைம் வைத்தவன் நான். அரை மணி நேர வேலைதானே என்ற மிதப்பு. வெள்ளி சாயங்காலம் புதுத் துணி மூட்டைகள் பேல் பேலாக இறங்கும் என்பதை யோசிக்கவே இல்லை. பட்டியல் இழுத்தது. கவுண்டர் திறந்தபோது ஒன்பது பத்து.

"என்னவே இது! ராகுகாலத்துலயா கடையத் தொறப்பிய? யாரு பாத்த வேல?" என்று அண்ணாச்சி மாடியேறி வந்து கத்தினார்.

நான் வயரைச் சரிபார்ப்பதுபோல் மேஜைக்கடியில் குனிந்தேன். நீ கையைத் தூக்கினாய். "நாந்தான் அண்ணாச்சி."

அடுத்த சனி ஆடித் தள்ளுபடி முதல் நாள். அன்றும் தப்பினால் உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டில் உன் ஒரு சம்பளம்தான். நான் அழாத குறை. நீயோ, "இன்னா நைனா, பேயறஞ்ச மாரி கீற?" என்று கிண்டல் பண்ணினாய்.

அந்த வாரம் முழுக்கக் குடோனுக்கு நடந்தாய். எத்தனை பேல் வரும், எத்தனை பேலுக்குப் பட்டியல் எவ்வளவு நேரம் ஓடும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்கினாய். "எப்ப ஆரம்பிக்கணும்னு கேக்காத மச்சி. எப்ப முடியணும்? அங்கேர்ந்து பின்னால எண்ணிக்கினு வா." சனிக்கு மட்டும் பட்டியல் ஏழு ஐந்துக்கு, கவுண்டர் எட்டே முக்காலுக்கு என்று வைத்தாய்.

எட்டு முப்பத்தெட்டுக்குப் பட்டியல் முடிந்தது. எட்டே முக்காலுக்கு எல்லாக் கவுண்டர் திரைகளும் ஒரே நொடியில் ஒளிர்ந்தன. "அடிச்சோம்டா!" என்று மேஜைமேல் ஏறிக் கத்தினேன். "எறங்கு, டீ வாங்கிக் குடு" என்றாய். எவ்வளவு பெரிய ஜெயம் அது, நீ டீயோடு முடித்துவிட்டாய்!

புது சிஸ்டம் போட வந்தவர்கள், ஏழு ஐந்து என்ன கணக்கு, மாற்றிவிடலாமே என்றார்கள். கை வைத்தால் நடப்பதே வேறு என்றேன். வைக்கவில்லை. புது சிஸ்டத்துக்கு இன்றுதான் முதல் சனி, ஒரு நிமிஷம் பிசகவில்லை.

அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். அப்போது சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, அன்னிக்கு டைம் தப்பா வெச்சது நான். சரி பண்ணதுதான் அவன்."

அவர் சிரித்தார். "அவன் பொய் சொல்லுதாம்னு அன்னைக்கே தெரியும்வே. நீரு எப்ப வாயத் தொறப்பீருன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

இனி எங்கே தப்பு நடந்து "யாரு?" என்று கேட்டாலும், என்னுடையது என்றால் முதலில் என் கை எழும்பும். அதைப் பார்க்க நீ இல்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை, மச்சி.